ஆறு வார்த்தை

பெட்டி கால்ல இடிக்குதா தம்பி? இந்தா, இப்படித் திருப்பி வச்சுக்கிறேன். திருமங்கலத்துல பாதிக் கூட்டம் இறங்கிரும், அப்புறம் தாராளமா உக்காரலாம். நீங்க எதுவரைக்கும்? ஸ்ரீவில்லிபுத்தூரா? சரிதான். நான் ராஜபாளையம்.

இந்தக் கண்டக்டரைப் பாத்தீங்களா, பின்வாசலைத் திரும்பிக்கூடப் பாக்காம விசில் குடுக்கிறாரு. நான் முப்பத்தோரு வருசம் இந்த வேலை பாத்தவன். ஒரு நாளும் அப்படிக் குடுத்ததில்லை. ஒரு கால் படியில, ஒரு கால் தரையில ஆள் நிக்கும். நாம பாக்கலைன்னா வேற யாரு பாக்குறது?

அதுவா? ஏர்போர்ட்டுல பெட்டிக்கு ஒட்டின சீட்டு. நார்வேல இருந்து வர்றேன். நெசமாத்தான் தம்பி. வேட்டியைப் பாத்துட்டு நீங்க நம்ப மாட்டேங்கிறீங்க. மக அங்க இருக்கா, அனுசுயான்னு பேரு. பிரசவம் பாக்கப் போனேன். சிரிங்க, சிரிங்க. அப்பன் எங்கயாச்சும் பிரசவம் பாக்கப் போவானான்னு எங்க டெப்போவே சிரிச்சுச்சு.

மூணு மாசம் விசா. நாப்பத்தாறாம் நாள் திருப்பி அனுப்பிட்டாங்க. எதுக்குன்னு கேளுங்க. ஆறு வார்த்தை பேசினதுக்கு. அந்த ஊர் மொழியில ஆறே ஆறு வார்த்தை. அதுக்குப் பெட்டியைக் கட்டிக் கையில குடுத்துட்டாரு மாப்பிள்ளை.

முதல்ல இருந்தே சொல்றேன். என் சம்சாரம் ஷண்முகத்தாய், அனு எட்டு மாசக் கைக்குழந்தையா இருக்கும்போதே தவறிட்டா. என் தங்கச்சி பூரணம்தான் அனுவை வளத்தா. நான் ஒருநாள் டூட்டி, ஒருநாள் ரெஸ்ட்டுன்னு கொல்லம் வண்டியில ஓடிக்கிட்டிருந்தவன். படிக்க வச்சேன், நல்லாப் படிச்சா. மாப்பிள்ளை எண்ணெய்க் கம்பெனியில இஞ்சினியர், கௌரிசங்கர்னு பேரு. ஸ்டவாங்கர்னு கடலோரத்துல ஒரு ஊரு. அங்க வீடு.

பிரசவத்துக்கு யாரு போறதுன்னு பேச்சு வந்துச்சு. பூரணத்துக்கு அப்பத்தான் மூட்டு ஆபரேசன் ஆயிருந்துச்சு. மாப்பிள்ளையோட அம்மாவுக்கு இதயக் கோளாறு, விமானம் ஏறக்கூடாதுன்னுட்டாங்க. காசு குடுத்து ஆள் வச்சுக்குவோம்னு மாப்பிள்ளை சொல்லியிருக்காரு. அனுதான் போன் போட்டு, "அப்பா, நீங்க வாங்க"ன்னா. "எனக்கு என்னம்மா தெரியும்?"னு கேட்டேன். "நீங்கதான்ப்பா வரணும்"னு திருப்பித் திருப்பிச் சொன்னா. சரி, சமையலுக்கு ஆள் வேணும்போலன்னு நினைச்சுக்கிட்டேன். நான் நல்லாச் சமைப்பேன். உளுந்தங்களி கிண்டுறது, பூண்டுக் குழம்பு வைக்கிறது, எல்லாம் பூரணத்துகிட்ட ஒரு மாசம் பாடம் படிச்சேன்.

அந்த ஊர் மொழியையும் சேத்துப் படிச்சேன். எனக்கு மொழி சட்டுன்னு வந்துரும் தம்பி. கொல்லம் வண்டியில ஏறின மூணாம் மாசம் மலையாளத்துல சண்டையே போட்டேன். நம்ம பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கம்ப்யூட்டர் வச்சிருக்கிற பையன்கிட்டச் சொல்லி, டூரிஸ்டுகளுக்குன்னு போட்டிருக்கிற வார்த்தையெல்லாம் இருபது பக்கம் எடுத்தேன். சத்தத்தை அவன் போன்ல போட்டுக் காட்டுவான், நான் தமிழ்ல எழுதிக்குவேன். வணக்கத்துக்கு 'ஹை'. நன்றிக்கு 'தக்'. ரொம்ப நன்றின்னா 'தூசன் தக்', ஆயிரம் நன்றியாம். மன்னிச்சுக்கங்க, கொஞ்சம் வழி விடுங்க, ரெண்டுக்கும் சேத்து 'உன்ஷில்'. எனக்குப் புரியலைங்கிறதுக்கு 'யை ஃபொஷ்டோர் இக்கே'. பஸ் எங்க நிக்கும்? 'வூர் ஆர் புஸ்ஸன்?' சின்னப்பிள்ளை சம்பந்தமா ஒரு பக்கம் தனியா இருந்துச்சு. அழுவுதுன்னா 'க்ரோத்தர்'. தூங்குதுன்னா 'ஸோவர்'. சாப்பிடுதுன்னா 'ஸ்பீஸர்'. இல்லைன்னு சொல்லணும்னா கூட ஒரு 'இக்கே' போட்டுக்கிடணும். நாப்பது பக்க நோட்டு நிறைஞ்சு போச்சு.

ஒரே ஒரு வார்த்தைதான் வாயில நுழையலை. நுழையலைன்னா, சொல்லக் கூச்சம். அவங்க ஊர்ல நல்லா இருக்கு, சரியா இருக்கு, எல்லாத்துக்கும் 'ப்ரா'ன்னுதான் சொல்றாங்க. நல்லா இருக்கீங்களான்னு கேட்டா, ப்ரா. சாப்பாடு எப்படி, ப்ரா. நான் பொம்பளைப் பிள்ளையை வளத்தவன் தம்பி. மக முன்னாடி அந்த வார்த்தையை எப்படிச் சொல்றது? நோட்டுல எழுதவேயில்லை, விட்டுட்டேன்.

போய் இறங்கின ஒன்பதாம் நாள் பிள்ளை பிறந்துச்சு. பொம்பளைப் பிள்ளை. சுகப்பிரசவம். மாப்பிள்ளை ரெண்டு வாரம் லீவு போட்டுக் கூடவே இருந்தாரு, தங்கமா பாத்துக்கிட்டாரு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் வேலைக்குப் போக ஆரம்பிச்சாரு. காலைல ஏழு மணிக்குப் போனா சாயங்காலம் அஞ்சுக்கு வருவாரு. வீட்ல நான், அனு, பிள்ளை.

அந்த ஊர்ல பிள்ளை பிறந்தா நர்ஸ் வீட்டுக்கே வந்து பாக்குறாங்க. மாரித்னு பேரு. நம்ம ஊர் மாரியை நினைச்சுக்கிட்டேன், பேரு மறக்கலை. அம்பது வயசு இருக்கும், நல்ல உயரம். வாசல்ல ஷூவைக் கழட்டிப் போட்டுட்டு வந்துச்சு. "ஹை, யை ஹேத்தர் தங்கப்பழம்"னேன். என் பேரு தங்கப்பழம் தம்பி. அந்தம்மாவுக்கு ஒரே சந்தோசம். அதுல இருந்து என்கிட்ட இங்கிலீஷே பேசலை, எல்லாம் அவங்க மொழிதான். அனு அன்னைக்கு நல்ல சுடிதார் போட்டு, தலை சீவி, சிரிச்சுச் சிரிச்சுப் பேசினா. கேட்டதுக்கெல்லாம் ப்ரா, ப்ரான்னா. அந்தம்மா பிள்ளையை எடை போட்டுப் பாத்துட்டு, ஏறலையே, நான் இன்னொரு தடவை வர்றேன்னு சொல்லிட்டுப் போச்சு.

அவங்க போனதும் அனு பாத்ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டா. குழாயைத் தொறந்து விட்டா. ஒரு மணி நேரம் தண்ணி ஓடுது. பிள்ளை அழுவுது, தண்ணி ஓடுது. அப்புறம் தினமும் அப்படித்தான். களி கிண்டி வச்சா ஒரு வாய் வச்சுட்டுத் தள்ளி வச்சுருவா. தூங்குறதும் கிடையாது, மேல் கூரையைப் பாத்துக்கிட்டே படுத்திருப்பா. ஒருநாள் அடுப்படியில என் பக்கத்துல வந்து நின்னா. "அப்பா, எனக்கு என்னமோ மாதிரி இருக்குப்பா"ன்னா. "பச்சை உடம்பும்மா, அப்படித்தான் இருக்கும். நாள் ஆக ஆக எல்லாம் சரியாப் போகும்"னேன். கொஞ்ச நேரம் நின்னா, போயிட்டா. வேற என்ன தம்பி சொல்லமுடியும்? ஆம்பளை நான்.

எனக்கு அந்தக் குழாய்ச் சத்தம் கேட்டா உக்காந்திருக்க முடியாது. சமையலை முடிச்சு வச்சுட்டு பத்து மணிக்கெல்லாம் கிளம்பிருவேன். பஸ் ஏறி கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருவேன். அங்க கண்டக்டர் கிடையாது. டிரைவர்கிட்ட ஹை சொல்லுவேன், இறங்கும்போது தூசன் தக். நாலு நாள்ல டிரைவர்களுக்கெல்லாம் என்னைத் தெரிஞ்சுபோச்சு. ஒருத்தர் சோமாலியாக்காரர், அவரும் பிழைக்க வந்த இடத்துல படிச்சுக்கிட்டவர்தான். நான் ஒரு வார்த்தை தப்பாச் சொன்னா திருத்துவாரு. தினம் அஞ்சு வார்த்தை புதுசு. வீட்டுக்கு வந்து அனுகிட்டச் சொல்லிக் காட்டுவேன். தலையை ஆட்டிக் கேட்டுக்குவா.

மழை இல்லாத ஒருநாள் மூணு பேரும் நடக்கப் போனோம். படகு கட்டுற துறை ஒண்ணு இருக்கு, பலகை பாவியிருக்கும். அனு தள்ளுவண்டியைத் தள்ளிக்கிட்டு முன்னால போறா. ஓரத்துக்குப் போனதும் நின்னா. கையை வண்டியில இருந்து எடுத்துட்டா. வண்டி தன்னால நிக்குது, இவ தண்ணியைப் பாத்துக்கிட்டு நிக்கிறா. ரொம்ப நேரம். செருப்பு நுனி பலகையைத் தாண்டி வெளிய நிக்குது. "என்னம்மா?"ன்னேன். "தண்ணி எவ்வளவு அமைதியாக் கிடக்கு பாருங்கப்பா"ன்னா. நான் வண்டியைப் பிடிச்சுக்கிட்டேன். அவ கையையும் பிடிச்சேன், ஐஸ் மாதிரி இருந்துச்சு. "வா வா, காத்து அடிக்குது, பிள்ளைக்கு ஆகாது"ன்னு கூட்டிட்டு வந்துட்டேன். மாப்பிள்ளைகிட்டச் சொல்லலை. என்னன்னு சொல்றது? உங்க பெஞ்சாதி தண்ணியைப் பாத்தான்னா?

அடுத்த வாரம் மாரித் வந்துச்சு. அனு பாத்ரூம்ல இருக்கா, தண்ணி ஓடுது. நான் பிள்ளையைக் கொண்டுவந்து குடுத்தேன். எடை போட்டுச்சு. கொஞ்சம் ஏறியிருந்துச்சு. அப்புறம் என்னைப் பாத்து, "ஓ மம்மா? கோர் தே ப்ரா?"ன்னு கேட்டுச்சு. அம்மா எப்படி, நல்லா இருக்காளான்னு அர்த்தம்.

தம்பி, நல்லா இருக்கான்னு சொல்லியிருக்கலாம். தமிழ்லன்னா நான் சொல்லியிருப்பேன், வாய் தன்னால சொல்லியிருக்கும். அந்த வார்த்தைதான் கூச்சம்னு உங்ககிட்டச் சொன்னேன்ல? அதனாலதான். வேற ஒண்ணுமில்லை. 'ஓகே'ன்னு சொல்லியிருக்கலாமேன்னு அப்புறம் மாப்பிள்ளை கேட்டாரு. உலகத்துக்கே தெரிஞ்ச வார்த்தை. தலையை ஆட்டியிருந்தாக்கூடப் போதும். அந்த நேரத்துல ஓகேயும் வரலை, தலையும் ஆடலை. நோட்டுல அந்தச் சின்னப்பிள்ளைப் பக்கம்தான் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு.

"மம்மா க்ரோத்தர்"னேன். அம்மா அழுவுறா.

அந்தம்மா பேனாவைக் கீழ வச்சுருச்சு.

"ஸோவர் இக்கே"ன்னேன். தூங்குறதில்லை. "ஸ்பீஸர் இக்கே." சாப்பிடுறதில்லை. அந்தம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுச்சு. இன்னும் ஏதோ இருக்குன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு போல. எனக்கு அந்தத் துறையை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. தண்ணிக்கு மட்டும் வார்த்தை தெரியும், ஹோட்டல்ல கேக்குறதுக்குன்னு படிச்சது. "வன்"னேன். கையைக் கடல் பக்கம் காட்டி, "மம்மா... வன்"னேன்.

எண்ணிப் பாருங்க. மம்மா, க்ரோத்தர், ஸோவர், இக்கே, ஸ்பீஸர், வன். ஆறுதானே?

அந்தம்மா எந்திரிச்சுப் போயி பாத்ரூம் கதவைத் தட்டுச்சு. மெதுவா அனு பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுச்சு. கதவு தொறந்துச்சு, உள்ள போச்சு. குழாய் நின்னுச்சு. அப்புறம் அனு அழுத அழுகை இருக்கே... நான் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஜன்னல் பக்கம் போயிட்டேன். எட்டிப் பாத்தேன், ரெண்டு பேரும் ஈரத் தரையிலயே உக்காந்திருக்காங்க. அந்தம்மா அனு முதுகைத் தடவிக் குடுக்குது.

அன்னைக்கு மத்தியானமே ஆஸ்பத்திரியில சேத்தாங்க, பிள்ளையோடயே. பிள்ளை பெத்தவங்களுக்கு வர்ற மனசு நோவாம். மருந்து உண்டாம், குணமாயிருமாம்.

மாப்பிள்ளை வந்து குதிச்சாரு. "மாமா, வீட்டு விசயத்தை வெளி ஆளுகிட்ட ஏன் சொன்னீங்க? முதல்ல என்கிட்டல்ல சொல்லணும்? இந்த ஊர்ல கவர்மென்ட்காரங்க பிள்ளையையே எடுத்துட்டுப் போயிருவாங்கன்னு சொல்றாங்க, தெரியுமா உங்களுக்கு? அவளுக்கு ஒண்ணுமில்லை, லேசாச் சோர்வு. அதை இவ்வளவு பெருசாக்கிட்டீங்க." நான் தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டேன். யாரும் பிள்ளையை எடுத்துட்டுப் போகலை தம்பி. வந்து கேட்டாங்க, எழுதினாங்க, என்ன உதவி வேணும்னு விசாரிச்சாங்க, அவ்வளவுதான். ஆனா அவருக்குப் பயம். பயத்துல டிக்கெட் போட்டுட்டாரு எனக்கு.

கிளம்புறதுக்கு முந்தின நாள் அனுவைப் பாக்கப் போனேன். அஞ்சு நாள் ஆயிருந்துச்சு. மாத்திரையில கொஞ்சம் தூங்கியிருக்கா, முகத்துல தெரிஞ்சுச்சு. பிள்ளைக்குப் பால் குடுத்து மடியில போட்டிருந்தா.

"மாப்பிள்ளை டிக்கெட் போட்டுட்டாரும்மா. நாளைக்குக் கிளம்புறேன்."

"தெரியும்ப்பா."

"நான் வேணும்னு சொல்லலைம்மா. வாய் தவறி வந்துருச்சு."

பிள்ளை வாயைத் துணியால தொடச்சு விட்டா. அப்புறம், "அப்பா, அம்மா செத்தப்போ எனக்கு எத்தனை மாசம்?"னு கேட்டா.

"எட்டு."

"எப்படிச் செத்தாங்க?"

"என்னம்மா புதுசாக் கேக்கிற? கிணத்துக்குத் தண்ணிக்குப் போனா, கால் வழுக்கிருச்சு."

"அத்தை என்கிட்டப் பத்தாவது படிக்கும்போதே சொல்லிட்டாங்கப்பா"ன்னா.

பூரணத்துக்கு என்ன தெரியும்? ஊர்ல ஆயிரம் பேசுவாங்க. பங்குனி மாசம், மழையே கிடையாது, படி காஞ்சு கிடந்துச்சு, எப்படி வழுக்கும்னு போலீஸ்காரரும் கேட்டாருதான். வழுக்கினதுன்னே எழுதிக்கங்கய்யான்னு நான்தான் சொன்னேன். பொம்பளைப் பிள்ளை இருக்கு, நாளைக்கு அதுக்கு ஒரு நல்லது நடக்கணும்ல? அதுக்கு முன்னாடி ரெண்டு மாசமா ஷண்முகத்தாய் ஒரு மாதிரி இருந்தா, உண்மைதான். கோயில்ல விபூதி போட்டோம். என்னமோ மாதிரி இருக்குன்னு சொல்லுவா. நான் வண்டிக்குக் கிளம்பிக்கிட்டிருப்பேன். சரியாப் போகும்பேன். நிக்க நேரம் ஏது தம்பி, நாலரை மணிக்கு டெப்போல இருக்கணும்.

அனு பிள்ளை தலையைத் தடவிக்கிட்டே சொன்னா. "வயித்துல இவ தங்கினதுல இருந்தே எனக்கு அந்தப் பயம்ப்பா. அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துருமோன்னு. அதான் உங்களைக் கூப்பிட்டேன். அம்மாகூட ஒரே வீட்ல இருந்து பாத்தது நீங்க ஒரு ஆள்தானே. எனக்கு அப்படி வந்தா உங்களுக்குத் தெரிஞ்சிரும்னு நினைச்சேன்."

நான் பிள்ளை மேல கிடந்த துணியை இழுத்துச் சரி பண்ணினேன்.

"எப்போப்பா தெரிஞ்சுது உங்களுக்கு?"ன்னா.

அதுக்குள்ள ஒரு நர்ஸ் மாத்திரை கொண்டுவந்துச்சு. பதில் சொல்லாமப் போச்சு.

நான் கேக்கிறேன் தம்பி, அவ வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல? இதுக்குத்தான் வரச் சொல்றேன், என்னைக் கவனிங்கன்னு ஒரு வார்த்தை? நான் சமைக்கக் கூப்பிட்டிருக்கான்னுல்ல நினைச்சேன். தெரிஞ்சிருந்தா நான் பஸ்ஸா ஏறிச் சுத்தியிருப்பேன்? சொல்லுங்க... சரி, விடுங்க. நீங்க என்ன சொல்லுவீங்க.

இப்ப பரவாயில்லை. வீட்டுக்கு வந்துட்டா. வாரம் ரெண்டு நாள் டாக்டர்கிட்டப் போயிப் பேசணும். நேத்து சென்னையில இறங்கினதும் போன் பண்ணினேன், மாப்பிள்ளைதான் எடுத்தாரு. லீவு போட்டிருக்காராம். "நாலு மணி நேரம் சேந்தாப்ல தூங்கினா மாமா"ன்னாரு. கோவம் போச்சான்னு தெரியலை. நானும் கேட்டுக்கலை.

ஆஸ்பத்திரியில கிளம்பும்போது அனு என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு சொன்னா. "ஊருக்குப் போனதும் அத்தைகிட்டக் கேளுங்கப்பா. அந்தக் கடைசி வாரம் அம்மா அத்தைகிட்ட என்ன சொன்னாங்கன்னு. எனக்குத் தெரியும். நீங்களும் தெரிஞ்சுக்கணும்."

இருபத்தொம்பது வருசம் தம்பி. ஒரே தெருவுலதான் இருக்கோம், பூரணமும் நானும். ஒரு நாள்கூட நான் அதைக் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. தீபாவளி, பொங்கல், அனு கல்யாணம், எல்லாம் பேசியிருக்கோம்.

இந்தா, கோயில் கோபுரம் தெரியுது, உங்க ஊர் வந்துருச்சு. அடுத்து எனக்கு இருபது நிமிசம். ஸ்டாண்டுக்கு வந்து நிப்பா பூரணம், அந்த மூட்டு வலியோட. வேண்டாம்னா கேக்க மாட்டா. அங்கயே கேட்டுரணும்னு இருக்கேன். வீட்டுக்குப் போயிட்டா குளிக்க, காபி குடிக்க, பிள்ளை போட்டோ காட்டன்னு அப்படியே விட்டுப்போகும். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்ல?

'பூரணம், ஷண்முகத்தாய் உன்கிட்ட என்ன சொன்னா?' இம்புட்டுத்தான். இப்படிக் கேட்டாப் போதும்தானே தம்பி? மதுரையில இருந்து சொல்லிப் பாத்துக்கிட்டே வர்றேன். கேட்டுட்டா அவ சொல்லிருவா. சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் அங்க நிக்கணும்.